முழங்கால் மடங்கிய பெருநாள்

"…அப்ப கெனாவில பச்சயக் கண்டா விளாடுற, செகப்பக் கண்டா இரிக்கிற. அவ்வளவுதானே மச்சான்? இதுக்கு ஏன் மொகத்த இப்பிடி மையத்துக் கெடக்கிற ஊட்டுக்கு வந்தவன் போல வெச்சிக்கிட்டு இரிக்காய்?" என்று கேட்டான் ஜவ்பர்.

ஜவ்பர் என் மனைவி சுலைஹாவின் காக்கா, அதாவது அண்ணன். மருதமுனையில் எங்கள் உதைபந்தாட்ட அணிக்குத் தலைவனும் அவன்தான். அன்றைக்குப் பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு வந்தவன், என் தறிக்குப் பக்கத்தில் கிடந்த நூல் பெட்டியின் மேல் குந்திக்கொண்டு இதைக் கேட்டான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டது. பெருநாள் பின்னேரம் எங்கள் கடற்கரை மைதானத்தில் இறக்காமத்து அணியோடு போட்டி. நான் இறங்குவேனா மாட்டேனா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எனக்கும் தெரிய வேண்டும். அதை அல்லாஹ்விடம் கேட்டுவிட்டு நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

அந்தப் பதில் எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓதிப் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவன். ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே மனதில் வைத்திருப்பது மட்டும் எனக்கு வரும். ஆகையால் அவரவர் வாயில் வந்தபடியே சொல்லிப் போகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரையில் அந்தப் பெரிய சூறாவளி அடித்து மூன்று வருஷம் கழிந்த பெரும்போக அறுவடைக் காலம் அது. இறக்காமத்தில், நெல் அறுத்துச் சூடு அடித்து முடிந்த வயலொன்றைத் துப்புரவாக்கி எங்களைப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் உழவு மெஷின் இழுக்கிற பெட்டியில் ஏறிப் பாடிக்கொண்டு போனோம். அந்தப் பக்கத்தில் குளத்தோரம் நிற்கிற யானைகள் விளைந்த வயலுக்குள் இறங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். சேற்றில் யானை மிதித்த இடம் வெயிலில் காய்ந்தால் சட்டி மாதிரி வட்டமாக, கல்லுப் போல இறுகிப் போகும். அந்த ஊர்ப் பிள்ளைகள் பாவம், போட்டிக்காக ஒவ்வொரு குழியாகத் தேடி வைக்கோலும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். ஒன்று மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அது எனக்கென்று இருந்த குழி.

நான் பின்னுக்கு நின்று மறிக்கிறவன், 'பேக்'. வந்த பந்தை மறித்துத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. வலது முழங்காலுக்குள் ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு எனக்கு வானம்தான் தெரிந்தது.

திரும்பி வருகையில் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். ஜவ்பர் என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பெட்டி துள்ளுகிற போதெல்லாம் நான் கத்தினேன். என்னைச் சிரிக்க வைக்க அவன் சொன்னான்: "ஆன மிரிச்சவன நான் பாத்திரிக்கன். ஆன மிரிச்ச எடத்த மிரிச்சு உழுந்தவன இண்டைக்குத்தான்டா பாக்கன்." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் கண் நிறைந்திருந்ததை நான் கண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், அமைதியாகக் கதைப்பவர். கட்டு அவிழ்த்த அன்று என் முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மாசத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது. அதுக்குப் பிறகு நேரே ஓடலாம். சடாரெண்டு திரும்பிறதுதான் பயம். இன்னொருக்காத் திருகிச்சுதெண்டால் மடக்கவே ஏலாமல் போகும். விளையாடுறதோ விடுறதோ, அதை நீர்தான் யோசிக்கோணும்."

நேரே ஓடி நேரே வருகிற உதைபந்தாட்டத்தை யார் கண்டது?

அந்த மாதங்களைச் சொல்கிறேன். நான் தறிக்காரன். கைத்தறி என்று பெயர் சொன்னாலும் குழிக்குள் இருக்கிற இரண்டு மிதியையும் கால் மாறி மாறி மிதிக்காவிட்டால் கையால் ஒன்றும் செய்ய முடியாது. என் தறி சும்மா கிடந்தது. பக்கத்துத் தறியில் சுலைஹா நெய்தாள். நான் அவளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். தொழுகையும் கதிரையில் உட்கார்ந்துதான். நோன்பு மாதம் முழுவதும் இரவுத் தறாவீஹ் தொழுகை வரிசையில் எல்லோரும் நெற்றி தரையில் படச் சுஜூதுக்குப் போக, நான் மட்டும் கதிரையில் குனிந்து இருப்பேன். முன்னால் அத்தனை முதுகுகளும் தரையோடு தாழ்ந்திருக்க என் தலை மட்டும் உயர்ந்து நிற்கும். கூச்சமாக இருக்கும். அழுகை வரும். வீட்டில் சீமெந்துத் தரையில் மடக்கிப் பார்ப்பேன். பாதி வழியில் பயம் வந்து பிடித்துவிடும். நோவு கூட அவ்வளவு இல்லை, பயம்தான்.

இன்னொன்றும் இருந்தது. அதை அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. நான் சாய்ந்தமருதான், சாய்ந்தமருது ஊரில் கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. சுலைஹாவை முடித்து மருதமுனைக்கு வந்தபோது தறியில் இருக்கக்கூடத் தெரியாது. ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது, "ஜவ்பர்ட தங்கச்சிர மாப்பிள" என்பார்கள். ஒருநாள் அணிக்கு ஆள் குறைய ஜவ்பர் என்னை இறக்கினான். அதோடு நான் "பேக்கு மாப்பிள" ஆகிவிட்டேன். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் வாங்கில் ஒதுங்கி இடம் விடுவார்கள். சந்தையில் மீன்காரர்கூட "மாப்பிள, இந்தக் கெழமப் போட்டி எப்பிடி, வெல்லுவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனை வெட்டுவார். அந்த ஊர் என்னைக் கையில் ஏந்தி எடுத்தது பந்தால்தான் என்று நான் நினைத்திருந்தேன். பந்து போனால் நான் யார்? ஒரு வீட்டில் வந்து இருக்கிறவன். அவ்வளவுதான்.

ஒரு பக்கம் இந்தப் பயம். மறுபக்கம் முழங்கால், தறி, சுலைஹாவின் உழைப்பு. இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்தேன்.

டாக்டர் சொன்ன ஆறு மாசமும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நான் ஊன்றிக்கொள்ளப் பொல்லு இல்லாமல் நடந்தேன். கடற்கரையில் மெல்ல ஓடியும் பார்த்தேன். ஜவ்பர் கண்டுவிட்டான். "ஓடுறாய்! ஓடுறவன் விளாடுவான்!" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு வாயும் எனக்கு ஒவ்வொன்று சொன்னது. "ஒருக்கா முறிஞ்ச எடம் முந்தியவிட இறுகிரும்" என்றார் ஒருவர். "முறிஞ்ச எடத்திலதான் மறுகாவும் முறியும்" என்றார் அவருக்குப் பக்கத்திலேயே இருந்து தேத்தண்ணி குடித்த இன்னொருவர். இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

அதனால்தான் இஸ்திகாராத் தொழுதேன். ஒரு காரியத்தில் எது நலவு என்று தெரியாமல் தவிக்கிற அடியான் இரண்டு சுற்று, அதாவது இரண்டு ரக்அத், தொழுது அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. "யா அல்லாஹ், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதில் எனக்கு நலவு இருந்தால் இதை இலேசாக்கித் தா. இல்லாவிட்டால் இதை என்னிலிருந்தும் என்னை இதிலிருந்தும் திருப்பிவிடு" என்று துஆக் கேட்பது. கதிரையில் இருந்தபடியே தொழுதேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் தெரிந்ததுதான். இஸ்திகாராத் தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும். வெள்ளையோ பச்சையோ கண்டால் செய்யலாம், சிவப்போ கறுப்போ கண்டால் செய்யக்கூடாது. கலியாணப் பேச்சானாலும் காணி வாங்கினாலும் இப்படித்தான் பார்ப்போம். கேட்கிறவனுக்குக் கனவு வராவிட்டால் வேறு ஆட்கள் அவனுக்காகத் தொழுது காண்பார்கள். எனக்குக் கனவே வரவில்லை. காலையில் எழும்பும்போது தலைக்குள் ஒன்றும் இருக்காது. அப்படி இருந்த ஒரு நாளில்தான் ஜவ்பர் நூல் பெட்டியில் குந்திக்கொண்டு பச்சையும் சிவப்பும் சொன்னது. போகும்போது, "நீ உடு, நான் தொழுது பாக்கன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாளே வந்தான். வாசலில் நின்று கொண்டே சத்தம் போட்டான்.

"கண்டிட்டன் மச்சான்! நீ பச்சச் சாரன் உடுத்துக்கிட்டு கோல் கம்பத்துக்கு மேல நிக்காய்!"

"கம்பத்துக்கு மேல ஏன்டா நிக்கன்?"

"அது எனக்கு என்ன தெரியும்? பச்ச. அதுதான் கணக்கு."

குசினிக்குள் இருந்து மாமி, அதாவது சுலைஹாவின் உம்மா, அகப்பையோடு வெளியே வந்தார். "ஒன்ட கெனாவும் நீயும்! நானும்தான் தொழுதுட்டுப் படுத்தன். கூரையில செக்கச் செவேலெண்டு ஒரு சாவல் நிண்டு கூவுது. மருமகன் கீழ நிண்டு பாத்துக்கிட்டு நிக்கார். வேணாம் மனே, இந்த வெளாட்டு வேணாம்."

"உம்மா, சாவல் எண்டா எல்லாம் செகப்புத்தான். அதக் கணக்கில எடுக்க ஏலா."

"நீ கோல் கம்பத்தக் கணக்கில எடுப்பாய், நான் சாவல எடுக்கப்படாதா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நெய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டு, தானும் எனக்காகத் தொழுததாகச் சொன்னார். அவர் கனவில் நான் யானை மேல் ஏறிப் போனேனாம். யானை என்ன நிறம் என்று ஜவ்பர் கேட்டான். "ஆன, ஆன நிறம்தான்" என்றார் அவர். அது விளையாடச் சொல்கிறதா, இருக்கச் சொல்கிறதா என்று மூன்று பேரும் அசர் வரைக்கும் சண்டை பிடித்தார்கள். அவர்கள் எல்லோரும் எனக்காகத் தொழுதவர்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யார் எதை விரும்பினார்களோ அதையே கண்டார்கள்.

அன்றிரவு எனக்கும் கனவு வந்தது. என் தறியில் ஒரு சாரன் நெய்து பாதியில் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்க்கிறேன். கட்டம் போட்ட சாரன். ஒரு கட்டம் பச்சை, ஒரு கட்டம் சிவப்பு.

காலையில் சுலைஹாவிடம் சொன்னேன். அவள் தறிக்குள் இறங்கி இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மாதங்களாகி இருந்தன. எனக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காத புள்ள. நான் என்ன செய்ற எண்டு தெரியாம கெடக்கன்."

"இஞ்சேருங்க," என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டது அல்லாஹ்ட்ட. பதில மட்டும் ஏன் தலகாணிக்கிட்டக் கேக்கிறீங்க?"

சுற்றிக்கொண்டிருந்த நூலைக் கீழே வைத்தேன்.

"அந்த துஆட கடைசியில என்ன ஓதுறீங்க? நலவு எங்க இரிந்தாலும் அத எனக்குத் தா, மறுகா அதில என்னப் பொருந்த வை எண்டுதானே? நிறம் காட்டு எண்டு எங்க இரிக்கி? நீங்க மொதல் பாதியத்தான் கேக்கிறீங்க. பொருந்த வை எண்டு கேக்க ஒங்களுக்குப் பயம்."

அவள் சொன்னது பட வேண்டிய இடத்தில் சரியாகப் பட்டது. எது வந்தாலும் பொருந்திக்கொள்கிற மனதை நான் கேட்கவே இல்லை. விளையாடு என்று ஒரு சொல் வர வேண்டும் என்றே காத்திருந்தேன். வராவிட்டால் யார்மேலாவது கோபப்பட ஆயத்தமாக இருந்தேன்.

"நீ என்ன நினைக்காய்? நான் விளாடவா, வேணாமா?"

"நான் செல்ல மாட்டன். நான் வேணாமெண்டு செல்லி நீங்க இரிந்தா, ஒவ்வொரு பெருநாளும் என்ட மொகத்தில அந்தப் பந்தத்தான் பாப்பீங்க. விளாடுங்கெண்டு செல்லி ஒண்டு நடந்தா, நான் ஒங்கட முழங்காலத்தான் பாப்பன்." அவள் மிதியை மிதித்தாள். "அவன்ட்டயே கேளுங்க. முழுசாக் கேளுங்க."

அன்று நடுப்பகல் லுஹருக்குப் பிறகு மறுபடி இரண்டு ரக்அத் தொழுதேன். கடைசி வரியில் வந்ததும் நின்றேன். என் உயிரில் ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பது போல இருந்தது. பிறகு கேட்டேன். "றப்பே, என்னைப் பொருந்த வை." அதற்குப் பிறகு நான் கனவு தேடவில்லை. பெருநாள் வரைக்கும் மனம் ஒரு முடிவுக்கும் வரவும் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். கேட்ட உடனே கதவு திறந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பெருநாள் விடிந்தது. எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை கடற்கரை மைதானத்தில்தான். பின்னேரம் பந்தடிக்கிற அதே மைதானம். பாயும் விரிப்பும் போட்டு, கம்பங்களுக்கு நடுவில் வரிசை நின்றது. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. நான் உள்ளுக்கு அணியின் பனியன், சட்டைப் பைக்குள் முழங்கால் பட்டி, கையில் மரக் கதிரை. ஜவ்பர் கண்ணைச் சிமிட்டினான். பனியனைக் கண்டுவிட்டான்.

கடைசி வரிசையின் ஓரத்தில், விரிப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் கதிரையை வைத்தேன். தக்பீர் சொல்லி நெஞ்சில் கை கட்டினோம். முதல் ரக்அத், குனிகிற ருகூவு வரைக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் சுஜூதுக்குப் போனார்கள். நான் கதிரையில் இருந்து முன்னால் குனிந்தேன். கதிரையின் முன்கால் இரண்டும் மணலுக்குள் இறங்கின. மெல்ல, தோணி தாழ்கிற மாதிரி. நிமிர்ந்து கொள்ளப் பார்த்தேன். அதற்குள் கதிரை முன்னால் சரிந்தது. நான் விழுந்தேன்.

இரண்டு கையும் மணலில். இடது முழங்கால் மணலில். வலது முழங்காலும் மணலில்.

நோவுக்காகக் காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுச் சீமெந்து எதிர்த்து நின்ற மாதிரி மணல் எதிர்க்கவில்லை. முழங்காலுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்குக் குழிந்து கொடுத்தது. கால் தானாக மடங்கியது. அறுவடைக் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக என் நெற்றி தரையைத் தொட்டது. மணல் குளிர்ந்திருந்தது.

சகோதரர்களே, அந்தச் சுஜூதில் நான் பந்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க நினைவே வரவில்லை. அழுதேன், அவ்வளவுதான். மூக்கிலும் வாயிலும் மணல். எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். இரண்டாம் ரக்அத்தில் கதிரையில் இருக்கவில்லை. பயத்தோடுதான் இறங்கினேன். மறுபடியும் மடங்கியது.

குத்பாப் பிரசங்கம் ஓதி முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். நான் மணலிலேயே இருந்தேன். பின்னேரம் விளையாட வேண்டும் என்ற ஆசையை மனதுக்குள் தேடிப் பார்த்தேன். மாதக்கணக்காக என்னை நித்திரை கொள்ள விடாத ஆசை. அது கோபித்துக்கொண்டு போனது போலவும் இல்லை, யாரும் பிடுங்கிக்கொண்டது போலவும் இல்லை. பசித்தவன் சாப்பிட்டு முடித்த பிறகு பசியைத் தேடினால் எப்படியோ அப்படி இருந்தது. இந்த முழங்காலை அல்லாஹ் இன்றைக்குத்தான் திருப்பித் தந்திருக்கிறான், இன்றைக்கே இதைப் பந்தயத்தில் வைக்க எனக்கு மனமில்லை என்று மட்டும் தெரிந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் பொருந்தியிருந்தேன். பொருந்த வை என்று கேட்டேனே, அதுதான் இது என்று அப்போது விளங்கியது.

ஜவ்பர் வந்து கட்டிப் பிடித்தான். "ஈத் முபாறக் மச்சான். அசரோட வந்திரு."

"மச்சான், நான் இண்டைக்கு விளாட இல்ல."

கட்டிப் பிடித்திருந்த கையை விட்டான். "என்ன கத இது? உள்ளுக்குப் பனியன் போட்டிரிக்காய்!"

"போட்டுத்தான் வந்தன். இப்ப மனசில்ல."

"கெனா கண்டியா?"

"இல்ல."

"அப்ப என்ன? பயமா?"

"பயம் நேத்து வரைக்கும் இரிந்த. இப்ப பயமும் இல்ல, ஆசையும் இல்ல."

அவன் முகம் இருண்டது. ஊரே அவனிடம் கேட்கும். அவனுக்கும் தாங்க முடியவில்லை. "ஒன்ட ஊருக்கு எண்டா விளாடுவாய்," என்றான். "சாய்ந்தமருதான் எண்டு காட்டிட்டாய்." சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டான்.

நான் எதற்குப் பயந்து கிடந்தேனோ அந்தச் சொல்லே வந்தது. அதுவும் அவன் வாயால் வந்தது. நொந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நொந்த இடத்துக்குக் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருந்தது.

பின்னேரம் போய்க் கோட்டோரம் இருந்தேன். எனக்குப் பதில் நின்ற பையன் நன்றாகத்தான் விளையாடினான். ஆனாலும் அந்தப் பக்கத்தால்தான் ஒரு கோல் போனது. பின்னால் இருந்து ஒருவர், "மாப்பிள குர்பான் எறச்சி தின்னத்தான் வந்திரிக்கார் போல" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு கோலால் தோற்றோம். இறக்காமத்து அணித் தலைவர் ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். "அந்தக் குழிய மூடாம உட்டது எங்கட பிழ மச்சான். அதுக்குப் பொறகு அந்த வயலப் பாக்கக்குள்ளெல்லாம் ஒங்கட நெனவுதான்" என்றார். அத்தனை மாதமும் எனக்காக துஆச் செய்து வந்ததாகவும் அந்த மனிதர் சொன்னார். எனக்குத் தெரியாது.

அந்தப் பெருநாள் நான் விளையாடியிருந்தால் கால் முறிந்திருக்கும், அல்லாஹ் காப்பாற்றினான் என்று நான் சொல்ல மாட்டேன். முறிந்திருக்குமோ என்னவோ, அது அவனுக்கு மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கிழமையே தறிக்குள் இறங்கினேன். முதலில் மெல்ல, பிறகு இரண்டு மிதியையும் மாறி மாறி மிதித்தேன். சுலைஹா தன் தறியை நிறுத்திவிட்டு என் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறு வருஷம் அதே துஆவை முழுசாகக் கேட்டேன். அந்த முறை மனம் தயங்கவில்லை. இறங்கி விளையாடினேன். முந்தின வேகம் இல்லை, ஆனால் நிம்மதி இருந்தது. ஒரே தொழுகை, ஒரே கேள்வி. ஒரு வருஷம் இரு என்றான், ஒரு வருஷம் போ என்றான். இரண்டும் எனக்கு நலவுதான். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அவனுக்கே.

அதற்குப் பிறகு தறி மாற்றினாலும், வீட்டுக்கு அறை கட்டினாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்தாலும் கேட்காமல் செய்வதில்லை. கனவு தேடுவதும் இல்லை. உங்களில் யாரோ இப்போது இரண்டு வழிக்கு நடுவில் நின்று தவித்துக்கொண்டிருப்பீர்கள். அவரிடம் சொல்கிறேன். கேளுங்கள். கடைசி வரியைத் தாண்டிப் போகாமல் நின்று கேளுங்கள். பதில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்தால் வராமல் போகலாம். கதிரை சரிந்தும் வரலாம். வரும்போது அது உங்களுக்கு விளங்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பெருநாளின் அந்திநேரத்து மஃரிப் தொழுகையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் முடிய மைதானத்திலேயே பாங்கு சொன்னார்கள். இரண்டு அணியும் வேர்வையோடு மணலில் வரிசை நின்றன. நான் ஓரத்தில் போய் நின்றேன். கதிரை கொண்டு வரவில்லை. தக்பீர் கட்டின பிறகு பிந்தி வந்த ஒருவன் என் வலது பக்கத்தில் வந்து நின்றான். திரும்பிப் பார்க்காமலே ஜவ்பர் என்று தெரிந்தது. காலைக்குப் பிறகு நாங்கள் ஒரு சொல் கதைத்திருக்கவில்லை.

இறங்குவது இலேசாக இருந்தது. எழும்புவதுதான் பாடு. காலையில் பிடித்து எழும்பக் கதிரை இருந்தது. இப்போது கையை ஊன்றினால் கை மணலுக்குள் போகிறது. கால் நடுங்கியது. எல்லோரும் எழும்பிவிட்டார்கள். இமாம் அடுத்த ரக்அத்துக்குப் பாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டார். நான் மட்டும் பாதியில் நின்றேன்.

வலது பக்கத்தில் இருந்து ஒரு கை நெஞ்சை விட்டு இறங்கி என் கக்கத்துக்குள் வந்தது. தொழுகைக்குள் இப்படி ஒருவரைத் தூக்கலாமா கூடாதா என்று அவனுக்கும் தெரிந்திராது. தூக்கினான். நான் நேராக நிற்கும் வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, மெல்லக் கையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டான். பார்வை சுஜூது செய்கிற இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் ரக்அத் இருப்பிலிருந்து எழும்புகையில், நான் தடுமாறுவதற்கு முன்பே அந்தக் கை வந்திருந்தது.